ஆர்.சி. காரில் டிரைவ்ஷாஃப்ட் கழன்று விழுந்ததும், அதை நிறுத்திய விதமும்

பழையதாக வாங்கிய, ரிமோட்டில் ஓடும் (ஆர்.சி.) 1/10 அளவு நான்கு சக்கர இயக்கப் பக்கி கார் ஒன்றை அக்கா மகனும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில், கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மைதானத்தில் ஓட்டி வருகிறோம். வாங்கிய ஒன்றரை மாதத்துக்குள் அதன் இடப்பக்கப் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கம்பியான டிரைவ்ஷாஃப்ட் 11 முறையும், வலப்பக்கத்துடையது 2 முறையும் கழன்று விழுந்தன. கார் மேட்டில் ஏறிக் குதித்து இறங்கியதும் மோட்டாரின் ஓசை மாறிவிடும், பின்பக்கம் தள்ளாது, முன்சக்கரங்கள் மட்டும் காரை நொண்டி நொண்டி இழுத்து வரும். "மாமா, எலும்பு மறுபடியும் போயிடுச்சு" என்ற குரல் வந்ததும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மைதானத்தைப் பரம்படிப்பது போல இழுத்துக்கொண்டு நடப்போம். கறுப்புப் பூச்சுள்ள எஃகுக் கம்பி செம்மண்ணில் கண்ணுக்குப் படாது. காந்தத்துக்கு மட்டுமே அகப்படும்.

எலும்பு என்று அவன் சொல்வது சும்மா அல்ல. இரு முனைகளிலும் உருண்டை வைத்த இந்தக் கம்பிக்கு ஆர்.சி. வட்டாரத்தில் டாக்போன் என்றே பெயர். ஒவ்வொரு உருண்டையின் குறுக்கேயும் 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு சிறு எஃகு உருளை செருகப்பட்டிருக்கும். அதைப் பட்டறையில் பின் என்பார்கள். பின்பக்கம், பின்சக்கரம் என்ற சொற்களோடு குழம்பாமல் இருப்பதற்காக இங்கே ஊசி என்று எழுதுகிறேன். இட வலச் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் (சுருக்கமாக டிஃப்) பக்கவாட்டில் ஒரு கப், சக்கர அச்சின் உள்முனையில் இன்னொரு கப். இரண்டின் சுவரிலும் எதிரெதிராக வெட்டிய காடிகள். உருண்டை கப்புக்குள்ளும் ஊசி காடிக்குள்ளும் உட்கார, டிஃபின் திருப்புவிசை சக்கரத்துக்குப் போகிறது. இந்த அமைப்பில் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் கிளிப்போ திருகோ எதுவும் கிடையாது. இரண்டு கப்புகளுக்கு நடுவே இடம் போதாமையால்தான் அது உள்ளே நிற்கிறது. இடம் கொஞ்சம் கூடினால் வெளியே வந்துவிடும்.

இடம் ஏன் கூடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது சக்கரத்தைத் தாங்கும் கையான சஸ்பென்ஷன் ஆர்ம் அதன் உள்முனையிலுள்ள ஹிஞ்ச் (கீல்) கம்பியை மையமாகக் கொண்டு வில் வரைகிறது; ஷாஃப்ட்டோ டிஃப் கப்பை மையமாகக் கொண்டு வேறொரு வில் வரைகிறது. இரண்டு மையங்களும் ஒரே இடத்தில் இல்லை. என் காரில் ஹிஞ்ச் கம்பி டிஃப் கப்பின் மையத்துக்கு 14 மி.மீ. கீழேயும் 8 மி.மீ. உள்ளேயும் இருக்கிறது, ஆர்மின் நீளம் 80 மி.மீ. ஆகையால் ஆர்ம் கீழே தொங்கத் தொங்க இரண்டு கப்புகளும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. ஆர்ம் மேலே எழும்போது நெருங்குகின்றன. முன்சக்கர இயக்கமுள்ள பெரிய கார்களிலும் இதே நீளமாற்றம் உண்டு. அங்கே கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு உள்ளும் புறமும் வழுக்கிச் செல்லும்படி அமைக்கப்பட்டு, கிரீஸோடு ரப்பர் பூட்டுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. நம் பொம்மைக் காரில் அந்த வழுக்கல் முழுவதையும் கப்பின் ஆழம் ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. முதலில் தோன்றியது, ஷாஃப்ட் குட்டையாகிவிட்டது என்பதுதான். எஃகு தானாகக் குறுகாது என்று தெரிந்திருந்தும், முந்தைய உடைமையாளர் வேறு ஏதோ காரின் ஷாஃப்ட்டைப் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, 2 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஒரு ஜோடியை வரவழைத்து மாட்டினேன். மேசைமேல் வைத்து ஆட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததாகத்தான் பட்டது, ஏனென்றால் ஸ்பிரிங் மாட்டியிருக்கையில் விரலால் அழுத்தி ஆர்மை அதன் உச்சிவரை கொண்டுபோகவில்லை. மைதானத்தில் மூன்றாவது குதிப்பில் கார் தரையில் விழுந்து ஆர்ம் முழுவதும் மேலெழுந்த கணத்தில், நீளமான ஷாஃப்ட் இரண்டு கப்புகளின் அடித்தட்டுக்கும் இடையே உதைகட்டை போல நின்றுவிட்டது. டொக் என்ற ஓசையோடு சக்கர அச்சைத் தாங்கும் இடப்பக்க ஹப்பின் வெளிப் பேரிங் நசுங்கியது. அதன்பின் அந்தச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் பல்லாடுவது போல ஆடியது. இந்த ஆட்டமே பிறகு நான் தேடிப் பிடித்த குறைகளில் ஒன்றாக இருந்தது என்பதையும், அதை உண்டாக்கியவன் நானேதான் என்பதையும் வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன். கழன்று விழும் ஷாஃப்ட்டுக்கு நீளமான ஷாஃப்ட்டை மருந்தாக நினைப்பவர்கள், ஆர்ம் உச்சியில் இருக்கும்போது எத்தனை இடைவெளி மிச்சமிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பழைய ஷாஃப்ட்டையே திரும்ப மாட்டிய பிறகு, டிஃப் கப்பின் காடி வாயகன்று போயிருப்பதைக் கவனித்தேன். அடியில் 2.1 மி.மீ. அகலமுள்ள காடி, வாயில் 2.9 மி.மீ. இருந்தது. இதுதான் காரணம் என்று முடிவுகட்டி, கப்பைச் சுற்றி ஒரு பித்தளை வளையம் போட்டுத் தரச் சொல்லி, பம்பு உதிரிகளுக்குக் கடைசல் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் போனேன். கடைசல்காரர் அதை வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வளையம் போட்டுடலாங்க சார். ஆனா தேய்மானம் பூரா வாய்லதானுங்க இருக்குது, அடி புத்தம் புதுசாட்ட கெடக்குது. உள்ளாற எறங்காத ஊசிக்கு வளையம் என்னங்க பண்ணும்?" என்று கேட்டார். உண்மைதான். காடியின் அடிப்பகுதியில் கறுப்புப் பூச்சுகூட உரியவில்லை. வாயோரத்தில் ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு மட்டும் உலோகம் பளபளத்து, அதன் ஓரம் மடிந்து பிசிறு தட்டியிருந்தது. ஊசி தன் வேலைநேரத்தில் பெரும்பகுதியைக் காடியின் விளிம்பிலேயே கழித்திருக்கிறது. வாயகன்றதால் ஷாஃப்ட் கழலவில்லை. ஊசி விளிம்பில் நின்றபடி திருப்புவிசையைத் தாங்கியதால்தான் வாயகன்றிருக்கிறது. வளையத்தைச் செய்து வாங்கிக்கொண்டாலும், அன்றிரவே வெர்னியரை எடுத்து உட்கார்ந்தேன்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவைதான். பின்பக்க டாம்பர்களின் (எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகளின்) ஸ்பிரிங்குகளை மட்டும் கழற்றிவிட்டு, டாம்பர்களை அப்படியே மாட்டி வைத்தேன். காரைக் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவின்மேல், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்தினேன். ஆர்ம் ஒவ்வொரு நிலையில் இருக்கும்போதும் ஷாஃப்ட்டை விரல்நுனியால் டிஃப் பக்கம் தட்டுமட்டும் தள்ளி, கப்பின் விளிம்பு வரும் இடத்தில் ஷாஃப்ட்டின்மேல் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டேன். பிறகு சக்கரப் பக்கம் தட்டுமட்டும் இழுத்து, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தேன். அந்த நகர்வுதான் ஷாஃப்ட்டுக்கு இருக்கும் இடைவெளி. சக்கரத்தை ஒரு கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து ஒரு முறையும், இழுக்காமல் ஒரு முறையுமாக அளந்தால், தேய்மானத்தால் வந்த ஆட்டம் தனியே தெரிந்துவிடும்.

இழுக்காமல் அளந்தபோது கிடைத்தவை இவை. ஆர்ம் 15 பாகை மேலெழுந்து சேஸியைத் தொடும் நிலையில் 0.5 மி.மீ.; ஆர்ம் தரைக்கு இணையாக நிற்கும்போது 2.5 மி.மீ.; டாம்பர் விட்ட அளவுக்கு முழுவதும் தொங்கும்போது, அதாவது 25 பாகை கீழே, 7 மி.மீ. கப்பின் அடித்தட்டை உருண்டை தொட்டுக்கொண்டிருக்கும்போது ஊசியின் நடுக்கோடு கப்பின் வாயிலிருந்து 6.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. ஏழிலிருந்து ஆறரையைக் கழித்தால் அரை மி.மீ. வெளியே. தொங்கும் நிலையில் ஷாஃப்ட் சக்கரப் பக்கம் ஒதுங்கிவிட்டால், டிஃப் பக்கத்து ஊசி காடியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இடப்பக்கத்தில் ஹப்பைப் பிடித்து வெளியே இழுத்தபோது இன்னொரு 0.8 மி.மீ.யும், டிஃப் கப்பை உள்ளே அழுத்தியபோது 0.6 மி.மீ.யும் சேர்ந்து, மொத்தம் 8.4 மி.மீ. ஆயிற்று. வலப்பக்கத்தில் இந்த ஆட்டம் இரண்டும் சேர்ந்தே 0.3 மி.மீ.தான். பதினொன்றுக்கு இரண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது.

அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. இதுவரை கழன்ற ஒவ்வொரு முறையும் டிஃப் பக்கத்து முனைதான் வெளியே வந்திருந்தது. சக்கரப் பக்கத்து முனை ஒரு தடவைகூட வரவில்லை. காரணம் வெகு எளிது. ஆர்ம் முழுவதும் தொங்கும்போது ஷாஃப்ட் சக்கரத்தை நோக்கி ஏறத்தாழ 33 பாகை சரிந்து நிற்கிறது. சரிவில் வைத்த கம்பி கீழ்நோக்கித்தானே வழுக்கும். மேசை விளக்கை அருகில் இழுத்து, ஆர்மை உள்ளங்கையில் தாங்கியபடி மெல்ல மெல்ல இறக்கினேன். ஓரிடத்தில் ஷாஃப்ட் டிக் என்று சக்கரக் கப்புக்குள் சரிந்து உட்கார்ந்தது. டிஃப் கப்பின் வாயில் ஊசியின் முனை நகக்கீறல் அளவுக்கு மினுங்கிக்கொண்டு நின்றது. இன்னும் சிறிது இறக்கியதும் உருண்டையின் கழுத்து கப்பின் கீழ் விளிம்பில் முட்டி, அதையே நெம்புதடியாகக் கொண்டு, ஊசி காடியைவிட்டு மேலே எழும்பியது. சக்கரத்தை விரலால் கால் சுற்றுத் திருப்பினேன். ஷாஃப்ட் மடியில் விழுந்தது. ஒன்றரை மாதம் மைதானத்தில் காந்தத்தோடு அலைந்து தேடியதை அரை நிமிடத்தில் மேசைமேல் பார்த்துவிட்டேன்.

25 பாகை என்பது இந்தக் காருக்கு இயல்பான தொங்கல்தானா என்ற ஐயம் எழுந்தது. கையேட்டில் டாம்பரை உண்மை அளவிலேயே படம் போட்டிருந்தார்கள். அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, முழுவதும் நீண்ட நிலையில் இரு முனைத் துளைகளுக்கும் இடையே 84 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் என் காரின் டாம்பர் 90 மி.மீ. இருந்தது. முந்தைய உடைமையாளர் வேறு காரின் அலுமினிய டாம்பர்களை அழகுக்காகவோ, உயரமாகக் குதிக்க வேண்டும் என்பதற்காகவோ மாட்டியிருக்கிறார். பழைய கார் வாங்குபவர்கள் மின்சுற்றையும் மோட்டாரையும் பார்க்கும் அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. டாம்பர் என்பது அதிர்ச்சியைத் தாங்கும் கருவி மட்டுமல்ல. ஆர்ம் எவ்வளவு கீழே போகலாம் என்று வரம்பு கட்டும் கயிறும் அதுதான். கயிறு 6 மி.மீ. நீண்டால், நெம்புகோல் கணக்கில் சக்கரம் 9 மி.மீ. கூடுதலாகத் தொங்குகிறது.

டாம்பரைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அது நல்ல டாம்பர்தான். நீளம் மட்டும்தான் தவறு. ஆகையால் அதைப் பிரித்து, எண்ணெயை வடித்துவிட்டு, உள்ளே பிஸ்டனுக்கும் அடிப்பக்க சீலுக்கும் நடுவே, தண்டின்மேல் 6 மி.மீ. நீளக் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்தேன். தண்டு வெளியே நீளும்போது பிஸ்டன் இந்தத் துண்டில் வந்து முட்டி நின்றுவிடும். முதலில் கையில் கிடைத்த சிலிகோன் எரிபொருள் குழாயை வெட்டிப் போட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால் அது ஊறிப் பருத்துப் போயிருந்தது. சிலிகோன் எண்ணெயில் சிலிகோன் ரப்பர் ஊறும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு காற்றழுத்தக் கருவிகளுக்குப் பயன்படும் 3 மி.மீ. உள்விட்ட நைலான் குழாயை வெட்டிப் போட்டேன். துண்டின் இரு முனைகளும் சதுரமாக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் பிஸ்டன் ஒரு பக்கமாக அழுந்தித் தண்டை வளைக்கும். இரண்டு டாம்பரிலும் ஒரே நீளம் இருப்பதும் முக்கியம், இல்லையென்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் ஊற்றிக் குமிழிகளைப் போக்கி மூடி மாட்டியதும் தொங்கல் 18 பாகையாயிற்று. இடைவெளி 7 மி.மீ.யிலிருந்து 5.6 மி.மீ.க்கு இறங்கியது, ஷாஃப்ட்டின் சரிவும் 26 பாகைக்கு வந்ததால், கழுத்து கப்பின் விளிம்பில் முட்டுவது அறவே நின்றது.

டிஃப் கப்பின் 0.6 மி.மீ. ஆட்டத்துக்கு ஷிம் போட்டேன். கியர்பாக்ஸைத் திறந்தபோது பேரிங்குக்கும் டிஃப் உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய வட்டுகளில் ஒன்றுகூட இடப்பக்கத்தில் இல்லை. 0.3, 0.2 மி.மீ. தடிமனில் ஒவ்வொன்று வைத்தேன். 0.1 மி.மீ. ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டேன், ஏனென்றால் இறுக்கிவிட்டால் பேரிங்குகள் பக்கவாட்டுச் சுமையில் சூடேறும். ஷிம் வைத்த பிறகு மோட்டார் பக்கத்துப் பினியனோடு டிஃபின் பெரிய பல்சக்கரம் எப்படிக் கோக்கிறது என்பதையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தவறான பக்கத்தில் ஷிம் வைத்தால் ஷாஃப்ட் நிற்கும், பற்கள் போய்விடும்.

ஹப்பில் நான் நசுக்கிய பேரிங்கையும் அதன் ஜோடியையும் சேர்த்தே மாற்றினேன். ஆர்மின் வெளிமுனையில் ஹிஞ்ச் கம்பி போகும் துளை நீள்வட்டமாகியிருந்தது. பிளாஸ்டிக் ஆர்மில் அதைச் சரிசெய்யப் புது ஆர்ம் போடுவதே நேர்மையான வழி என்றாலும், 3 மி.மீ. கம்பிக்குப் பதில் 3.2 மி.மீ. கம்பி போட்டுத் துளையைத் துருவிக்கொண்டேன். இடப்பக்க ஹப் ஆட்டம் 0.8 மி.மீ.யிலிருந்து 0.3 மி.மீ.யாகக் குறைந்தது. ஆக மிக மோசமான நிலையிலும் மொத்த இடைவெளி 6 மி.மீ. ஊசி 6.5 மி.மீ. ஆழத்தில் இருப்பதால் அரை மி.மீ. பிடிப்பு கைவசம் வந்தது. காகிதத்தில் இது போதும், மைதானத்தில் போதாது. ஆர்ம் பிளாஸ்டிக், வளையும். சக்கரம் கல்லில் இடறினால் அந்த அரை மி.மீ.யை வளைவே தின்றுவிடும்.

ஷாஃப்ட்டையும் இந்தச் சமயத்தில் சோதித்துக்கொண்டேன். கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினால் கம்பி வளைந்திருப்பது தெரியும். இரண்டு முனை ஊசிகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு தெரியும். இடப்பக்க ஷாஃப்ட் நேராக இருந்தாலும், அதன் உள்முனை ஊசி இரு பக்கமும் பள்ளம் விழுந்து இடுப்பொடுங்கியிருந்தது. பேரிங் கடையில் உதிரியாகக் கிடைக்கும் 2 மி.மீ. நீடில் உருளை, 11.8 மி.மீ. நீளமுள்ளது, இந்த இடத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. பழைய ஊசியை வைஸில் அழுத்தி வெளியேற்றி, புது உருளையை அதே போல அழுத்திச் செருகி, முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்து 11.2 மி.மீ.யாக்கினேன். கடினமாக்கிய எஃகு என்பதால் அரம் அதன்மேல் வழுக்கும். சாணைக்கல்தான் வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கடைசல்காரர் செய்து தந்த பித்தளை வளையத்தையும் வீணாக்கவில்லை. பிசிறைத் தேய்த்து, காடியின் வாயை வைஸில் மெதுவாக நெருக்கி 2.3 மி.மீ.க்குக் கொண்டுவந்து, வளையத்தைச் சூடாக்கி கப்பின் வாயோரத்தில் ஏற்றியதும் அது குளிர்ந்து இறுகிக்கொண்டது.

மிச்சமிருந்தது, ஷாஃப்ட் சக்கரப் பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்வது. மொத்த இடைவெளி 6 மி.மீ. இருந்தாலும் ஷாஃப்ட் நடுவில் நின்றால் ஒவ்வொரு முனைக்கும் மூன்று மூன்றாகப் பிரிந்துவிடும்; எந்த முனையும் ஆபத்தில் இல்லை. சில கிட்டுகளில் கப்புக்குள் சிறு ரப்பரோ நுரைத் துண்டோ வைப்பது இதற்காகத்தான். பம்பு உதிரிக் கடையில் வாங்கிய 2.5 மி.மீ. தடிமன் நைட்ரில் ஓ-ரிங்கைச் சக்கரக் கப்புக்குள் போட்டுப் பார்த்தேன். ஆர்மை மேலே தூக்கியதும் பாதியிலேயே கல்லாக நின்றது. உச்சியில் இருக்கும் இடமே ஒரு மி.மீ.க்கும் குறைவு என்னும்போது, அமுங்காத இரண்டரை மி.மீ.யை அங்கே வைத்தால் நீளமான ஷாஃப்ட் செய்த அதே கொலையை இதுவும் செய்யும். அழுத்தினால் காகிதமாகி, விட்டால் எழும்பும் பொருள் வேண்டும். பொருள்களைப் பொதிந்து வரும் மென்நுரையில் 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு தாள் வீட்டிலேயே கிடந்தது. தீட்டிய பித்தளைக் குழாயை அதன்மேல் வைத்துத் திருகி, 7.5 மி.மீ. விட்டத்தில் வட்டுகளாக வெட்டி எடுத்து, சக்கரப் பக்கத்துக் கப்பில் மட்டும் ஒவ்வொன்று போட்டேன். டிஃப் பக்கம் போடவில்லை. அங்கே போட்டால் ஷாஃப்ட் சரியும் திசையிலேயே தள்ளிவிட்டது போலாகும். ஷாஃப்ட் சில கிராம்கள்தான் இருக்கும், ஆகையால் தொங்கும் நிலையில் நுரை இரண்டரை மி.மீ.க்குக் குறையாமல் நின்று அதை டிஃப் பக்கம் ஏந்திக்கொள்கிறது. இப்போது அதே மோசமான நிலையில் டிஃப் பக்கத்து ஊசி 3 மி.மீ.யும் சக்கரப் பக்கத்து ஊசி 4 மி.மீ.யும் காடிக்குள் இருக்கின்றன.

யுனிவர்சல் ஷாஃப்ட் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சக்கர அச்சும் ஷாஃப்ட்டும் ஊசியால் பிணைக்கப்பட்ட அந்த வகையை சி.வி.டி. என்கிறார்கள், அதில் வெளிமுனை கழலவே முடியாது. ஆனால் என் காரில் கழன்றது உள்முனை. நீளமாற்றம் முழுவதும் உள் கப்பிலேயே நடக்க வேண்டும் என்பதால், தொங்கலைக் குறைக்காமல் சி.வி.டி. மாட்டியிருந்தால் 8.4 மி.மீ. அப்படியே எஞ்சியிருக்கும், காசு மட்டும் போயிருக்கும். இன்னொன்று, பெயரில் சீரான வேகம் என்ற பொருள் இருந்தாலும், அந்த மூட்டு, கோணத்தில் சுழலும்போது வேகம் சீராக இராத ஒரு சாதாரண ஹூக் மூட்டுதான். 26 பாகை கோணத்தில் ஒற்றை ஹூக் மூட்டின் வெளிவேகம் ஒரு சுற்றுக்குள் 0.90 மடங்குக்கும் 1.11 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். இரு முனையிலும் கோணம் சமமாக, ஊசிகள் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது இறக்கிவிடும் என்பதால் பின்சக்கரத்தில் இது தெரியாது. முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது வெளிக்கோணம் மட்டும் பெருகுவதால்தான் கடகடவென்று அதிர்வு வருகிறது. முன்பக்கத்துக்கு சி.வி.டி. போடுவதில் எனக்கு மறுப்பில்லை. திருப்பத்தில் வெளிமுனை கழலும் தொல்லை அங்கே உண்மையாகவே உண்டு. அப்போது அதன் சிறு திருகு தளராமல் இருக்க, நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி விட மறக்கக் கூடாது.

கழலும் பிரச்சினையை வேறு விதங்களில் அணுகியவர்களும் உண்டு. டமியா 1983இல் வெளியிட்ட ஃப்ராக் பக்கியில் ஊசியே கிடையாது. ஷாஃப்ட்டின் முனைகளே அறுகோணமாக இருந்து அறுகோணக் கப்புக்குள் உட்காரும், மேலே ரப்பர் உறை. டிராக்ஸஸின் ஸ்லாஷ் வண்டியில் பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு குறுகும்; நீளமாற்றம் ஷாஃப்ட்டின் நடுவிலேயே தீர்ந்துவிடுவதால் கப்பின் ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எனக்கு அந்த வழிதான் அழகாகப் படுகிறது, ஆனால் என் காரின் கியர்பாக்ஸுக்கு அது பொருந்தாது.

வேலை முடிந்த பிறகு இதுவரை 14 பேட்டரி ஓட்டியிருக்கிறோம். ஷாஃப்ட் ஒரு முறையும் கழலவில்லை. அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். தொங்கல் குறைந்ததால், வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு முன்பைவிடச் சீக்கிரம் எழும்புகிறது. குதித்து இறங்கும்போது கார் சற்றுக் கடினமாகத் தரையில் மோதுகிறது. டாம்பர் எண்ணெயை ஒரு படி இளக்கமாக மாற்றியதில் பாதி சரியாயிற்று. கப்புகளுக்குக் கிரீஸ் போடுவதை நிறுத்திவிட்டேன். செம்மண் தூள் கிரீஸோடு கலந்து தீட்டுக்கல் பசை போல ஊசியைத் தின்கிறது. ஆறு பேட்டரி ஓடியதும் திறந்து பார்த்தபோது இடப்பக்க நுரை வட்டு மண்ணேறித் தட்டையாகி, எழும்பும் குணம் போய்விட்டிருந்தது. வலப்பக்கத்தது நன்றாகவே இருந்தது. இடப்பக்கத்தில் மிச்சமிருக்கும் 0.3 மி.மீ. ஆட்டம்தான் அதை அரைத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. புது ஆர்ம் வரும்வரை ஆறு பேட்டரிக்கு ஒரு வட்டு என்று கணக்கு வைத்திருக்கிறோம். அக்கா மகன் இருபது வட்டுகள் வெட்டி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, அதன்மேல் "எலும்புக்கு" என்று எழுதி வைத்திருக்கிறான்.